வல்லரசு நெருக்கினால் பணிவதா, நிமிர்வதா? 1965-67 கோதுமை விவகாரம் பற்றி ஒரு கேள்வி

வறண்டவாய்க்கால்:

வரி போடுவேன், சரக்கை நிறுத்துவேன் என்று ஒரு பெரிய நாடு மிரட்டினால் மற்ற நாடுகள் என்ன செய்ய வேண்டும் என்று டிவியில் தினமும் ஒரு கூச்சல். ஒருவர் முதுகெலும்பு வேண்டும் என்கிறார், அடுத்தவர் நடைமுறையைப் பாருங்கள் என்கிறார். ஒரு மணி நேரம் முடிந்ததும் இரண்டு பேரும் காபி குடிக்கப் போய்விடுகிறார்கள்.

எனக்கு நடந்து முடிந்த ஒரு உதாரணம் வேண்டும். 1965, 66ல் அமெரிக்க அதிபர் ஜான்சன் கோதுமைக் கப்பலை வைத்து இந்தியாவை நெருக்கினார் என்று படித்தேன். ஒரு கட்டுரை நாம் மண்டியிட்டோம் என்கிறது. இன்னொன்று வியட்நாம் விஷயத்தில் கடைசிவரை வாயை மூடவில்லை என்று பெருமைப்படுகிறது. எது சரி? விவரம் தெரிந்தவர்கள் கொஞ்சம் விரிவாகவே சொல்லுங்கள்.

பழைய ரேஷன் கார்டு:

தம்பி, இரண்டும் சரிதான். எதில் பணிந்தோம், எதில் பணியவில்லை என்று பிரித்துப் பார்த்தால்தான் விஷயம் பிடிபடும்.

பி.எல். 480 என்பது 1954ல் அமெரிக்கா போட்ட சட்டம். அங்கே விளைந்து குவிந்த உபரி தானியத்தை, டாலர் இல்லாத நாடுகளுக்கு அவரவர் பணத்துக்கே விற்கலாம். நாம் 1956ல் சேர்ந்தோம். 1960ல் நான்கு ஆண்டுகளுக்கு 1 கோடியே 60 லட்சம் டன் கோதுமை, 10 லட்சம் டன் அரிசி என்று பெரிய ஒப்பந்தமே போட்டோம். அந்நியச் செலாவணி செலவில்லை, ரூபாயில் கணக்கு எழுதிக்கொண்டால் போதும். இவ்வளவு சுலபமாகக் கிடைத்தால் யார் வயலைப் பற்றிக் கவலைப்படுவார்கள்? மொத்தக் கவனமும் இரும்பு ஆலை, அணை என்று போனது.

1965 ஜூனோடு நடப்பு ஒப்பந்தம் முடிந்தது. நீண்ட கால ஒப்பந்தம் வேண்டும் என்று நாம் கேட்டோம். ஜான்சன் கொடுக்கவில்லை. ஒரு மாதத்துக்கு, இரண்டு மாதத்துக்கு என்று கொஞ்சம் கொஞ்சமாக அவரே கையெழுத்துப் போட்டு விடுவித்தார். அதற்கு முன்பே ஏப்ரலில், பிரதமர் சாஸ்திரி அமெரிக்கா போவதாக இருந்த பயணத்தைத் தள்ளிப்போடச் சொல்லி முகத்தில் அடித்த மாதிரி செய்தி அனுப்பியிருந்தார். வியட்நாமில் குண்டு போடுவதை இந்தியா விமர்சித்தது அவருக்குப் பிடிக்கவில்லை. செப்டம்பரில் பாகிஸ்தானோடு போர் வந்ததும் இரண்டு பக்கத்துக்கும் ராணுவ உதவி நின்றது.

அந்த ஆண்டு பார்த்து மழையும் பொய்த்தது. 1964-65ல் 8.9 கோடி டன்னாக இருந்த தானிய விளைச்சல் அடுத்த ஆண்டு 7.2 கோடி டன்னுக்கு விழுந்தது. 1966ல் ஒரு கோடி டன்னுக்கு மேல் இறக்குமதி. அமெரிக்காவில் விளைந்த கோதுமையில் ஐந்தில் ஒரு பங்கு இங்கே வந்தது என்பார்கள். திங்கட்கிழமை ராத்திரி ஒரு வேளை சாப்பாட்டை விட்டுவிடுங்கள் என்று பிரதமரே நாட்டு மக்களிடம் கேட்டார். அப்படி ஒரு நிலைமையில் இருக்கிறவனை நெருக்குவது சுலபம்.

எங்கள் ஊர் ரேஷன் கடையில் அந்தச் சாக்குகளைப் பார்த்திருக்கிறேன். கை குலுக்குகிற இரண்டு கைகள், மேலே அமெரிக்கக் கொடியின் கோடுகள். சாக்கு காலியானதும் அதற்குத் தனி கிராக்கி. கோதுமையை என்ன செய்வதென்றே பாதி வீடுகளில் தெரியாது. மில்லில் உடைத்துச் சோறு மாதிரி வேகவைத்தார்கள், அரைத்துத் தோசை ஊற்றினார்கள், அது கல்லை விட்டு எழவே எழாது. பள்ளிக்கூடத்தில் மதியம் மஞ்சள் மக்காச்சோள உப்புமா, காலையில் பால் பவுடரைக் கரைத்த பால். 'கேர்' நிறுவனம் கொடுத்தது. சின்னப் பையனாக எனக்கு அது ருசியாகத்தான் இருந்தது. ஜான்சன் யாரென்று தெரியாது.

மீதியைச் சாப்பிட்டுவிட்டு வந்து எழுதுகிறேன்.

எதிர்வாதி:

ஐயா சாப்பிட்டு வருவதற்குள் ஒன்று சொல்லிவிடுகிறேன். ஜான்சன் நெருக்கியது நமக்கு நல்லதாகத்தான் முடிந்தது. அவர் கேட்டது என்ன? விவசாயத்துக்குப் பணம் ஒதுக்கு, உரத் தொழிற்சாலை கட்டு, விவசாயிக்கு நல்ல விலை கொடு. இதில் எது அடிமைத்தனம்? நம் திட்டக் கமிஷன் பெரியவர்கள் பத்து வருடமாகச் செய்யாததை ஒரு டெக்சாஸ்காரர் கழுத்தைப் பிடித்துச் செய்ய வைத்தார். சும்மா வந்த கோதுமையால் உள்ளூர் விலை படுத்து, விவசாயி விளைவிக்க ஆர்வமில்லாமல் கிடந்தான் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. ஊருக்கெல்லாம் உபதேசம் செய்துகொண்டே அடுத்த வேளைச் சோற்றுக்கு அவர்களிடமே கை நீட்டுகிற கூத்தை வேறு எந்த நாடும் செய்திருக்காது.

பழைய ரேஷன் கார்டு:

எதிர்வாதி சார், பாதிக் கதையைச் சொல்லிவிட்டீர்கள். மீதிப் பாதிக்கு சி.சுப்பிரமணியத்தைப் பார்க்க வேண்டும்.

1964 ஜூனில் சாஸ்திரி அவருக்கு உணவு, வேளாண்மைத் துறையைக் கொடுத்தார். பெரிய தலைகள் தொடப் பயந்த துறை. சி.எஸ். அதற்கு முன்பு இரும்புத் துறையில் இருந்தவர். விலை, விதை, உரம் மூன்றையும் சேர்த்துத் தொட்டால்தான் வண்டி நகரும் என்று அவர் சொல்ல ஆரம்பித்தது, ஜான்சன் பூட்டைப் போடுவதற்கு முன்பே. 1965 ஜனவரியில் இந்திய உணவுக் கழகம் வந்தது. அதன் முதல் மாவட்ட அலுவலகம் தஞ்சாவூரில், தலைமையகம் சென்னையில். அதே ஆண்டில் வேளாண் விலைக் கமிஷன். மெக்சிகோ குட்டை ரகக் கோதுமையை எம்.எஸ்.சுவாமிநாதன் போன்றவர்கள் அதற்கு முன்பிருந்தே வயலில் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஆனால் தில்லியில் எதிர்ப்பு பலமாக இருந்தது. நிதியமைச்சர் டி.டி.கிருஷ்ணமாச்சாரி, உரத்துக்கும் விதைக்கும் அந்நியச் செலாவணி எங்கே என்றார். இடதுசாரிகள் பணக்கார விவசாயிக்குத்தான் லாபம் என்றார்கள். (அது முழுக்கப் பொய்யும் இல்லை.) திட்டக் கமிஷனுக்கு விதை இறக்குமதியே பிடிக்கவில்லை.

1965 நவம்பரில் ரோமில் ஐ.நா. உணவு, வேளாண்மை நிறுவனக் கூட்டம் நடந்தது. அங்கே சி.எஸ்.சும் அமெரிக்க வேளாண் செயலர் ஆர்வில் ஃப்ரீமனும் உட்கார்ந்து, இந்தியா என்னென்ன செய்யும் என்று ஒரு ஒப்பந்தம் எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். ரகசியமாக வைத்தார்கள். அடுத்த மாதம் நாடாளுமன்றத்தில் சி.எஸ். அதே விஷயங்களை இந்தியாவின் சொந்தத் திட்டமாக அறிவித்தார். ஜான்சன் 15 லட்சம் டன்னை விடுவித்தார்.

இதைப் பணிவு என்பீர்களா? தான் செய்ய நினைத்ததை, வெளியே இருந்து வந்த நெருக்கடியைக் காட்டி உள்ளே இருந்த எதிர்ப்பைத் தாண்டிச் செய்துகொண்டார் என்றுதான் நான் படிக்கிறேன். 1966ல் 18,000 டன் விதைக் கோதுமை மெக்சிகோவிலிருந்து வந்தது. அந்தக் காலத்தில் அவ்வளவு விதையை ஒரே தடவையில் எந்த நாடும் வாங்கியதில்லை என்பார்கள். தில்லியில் தனக்குக் கொடுத்த பங்களாவின் புல்வெளியை உழுது அதிலேயே விதைத்தவர் அவர்.

ரூபாய் மதிப்புக் குறைப்பு இதற்கு நேர் எதிர். 1966 ஜூன் 6ந்தேதி டாலருக்கு 4.76 ஆக இருந்ததை 7.50 ஆக்கினார்கள். உலக வங்கியும் அமெரிக்காவும் வற்புறுத்தின. செய்தால் ஆண்டுக்குச் சுமார் 90 கோடி டாலர் உதவி வரும் என்றார்கள். காங்கிரஸ் தலைவராக இருந்த காமராஜருக்கே கடைசி நேரத்தில்தான் தெரியும். அவர் கொதித்துப்போனார். முதல் ஆண்டுக்கு அப்புறம் உதவி அந்த அளவில் வரவில்லை. மழையும் மறுபடி கைவிட்டது. இது வெளியே இருந்து திணிக்கப்பட்டது, உள்ளே இதை ஆதரித்து நிற்க ஆளில்லை. அப்போது பிரதமராக இருந்த இந்திரா காந்திக்கு அந்தக் காயம் கடைசிவரை ஆறவில்லை.

துறைமுகத்தான்:

வேறு ஒரு கோணம். என் அப்பா சென்னைத் துறைமுகத்தில் வேலை பார்த்தவர், அந்தக் கப்பல்களைப் பற்றி அவர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். தானியம் மூட்டையில் வராது, கப்பலின் அடிவயிற்றில் அப்படியே கொட்டிக் கிடக்கும். உறிஞ்சு குழாய் போட்டு மேலே இழுத்து, கரையில் சாக்கில் பிடித்து, வாயைத் தைத்து, வண்டியில் ஏற்ற வேண்டும். தூசியில் கண் மூக்கெல்லாம் எரியும். குழாய் போதாத நாளில் ஆளே உள்ளே இறங்கி அள்ள வேண்டியதுதான். ஒரு கப்பல் வெளியே காத்திருக்கும், அடுத்தது வருகிற வழியில் இருக்கும். துறைமுகம், ரயில் வண்டி, சாக்கு எதில் தட்டுப்பாடு வந்தாலும் எங்கோ ஒரு ஊரில் ரேஷன் நின்றுவிடும்.

நான் சொல்ல வந்தது இதுதான். ஜான்சன் கப்பலை நிறுத்த வேண்டியதே இல்லை. கையெழுத்தை மூன்று வாரம் தாமதம் செய்தால் போதும். அமெரிக்காவிலிருந்து இங்கே வந்து சேர இரண்டு மாதம் ஆகும் சரக்கு. இன்றைக்குத் தாமதித்தால் இரண்டு மாதம் கழித்துத்தான் கடை காலியாகும். தில்லியில் இருந்தவர்கள் காலண்டரை வைத்துக்கொண்டு தவித்திருப்பார்கள்.

அப்புறம் எதிர்வாதி சொன்ன உரத் தொழிற்சாலை. மணலியில் மெட்ராஸ் ஃபெர்டிலைசர்ஸ் நிறுவனம் பதிவானது 1966 டிசம்பரில். அரசுக்கு 51 சதவீதம், மீதி அமெரிக்க எண்ணெய் நிறுவனமான அமோகோவுக்கு. உரத் துறையில் வெளிநாட்டு மூலதனத்தைத் திறந்துவிடு என்று நெருக்கினார்கள் அல்லவா, அந்தக் காலத்துப் பிள்ளைதான் அது. பெரும்பான்மைப் பங்கை விடாமல் திறந்தார்கள் என்பதைக் கவனியுங்கள்.

வறண்டவாய்க்கால்:

நன்றி ஐயா, நன்றி துறைமுகத்தான் அண்ணா. வியட்நாம் பாகம் இன்னும் வரவில்லையே. அங்கே பணியவில்லை என்றால் என்ன விலை கொடுத்தோம்?

பழைய ரேஷன் கார்டு:

விலை கொடுத்தோம்தான். 1966 மார்ச்சில் இந்திரா வாஷிங்டன் போனபோது ஜான்சன் நன்றாகத்தான் வரவேற்றார். ஜூலையில் இந்திரா குண்டுவீச்சை நிறுத்தச் சொல்லி வானொலியில் பேசினார். அதே மாதம் மாஸ்கோ போய், ஏகாதிபத்திய ஆக்கிரமிப்பு என்ற வார்த்தைகள் வரும் கூட்டறிக்கையில் கையெழுத்துப் போட்டார். ஜான்சனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆகஸ்டிலிருந்து டிசம்பர் வரை புதிய ஒதுக்கீட்டை இழுத்தடித்தார். பீகாரில் பஞ்சம் தலைகாட்டிக்கொண்டிருந்த நேரம் அது. அவருடைய அதிகாரிகளே, தில்லியில் இருந்த தூதர் செஸ்டர் போல்ஸ் உட்பட, கெஞ்சிப் பார்த்தார்கள். போப்பாண்டவரும் ஐ.நா. பொதுச் செயலர் ஊ தாண்டும் சொன்னதைத்தானே இந்தியா சொல்கிறது என்று வாதாடியபோது, அவர்களுக்கு அமெரிக்கக் கோதுமை தேவைப்படவில்லையே என்று ஜான்சனிடமிருந்து பதில் வந்ததாக ஒரு கதை உண்டு.

கனடா, ஆஸ்திரேலியா, சோவியத் யூனியன் கொஞ்சம் கொஞ்சம் கொடுத்தன. அரசும் கையிலிருந்த சொற்ப டாலரில் வாங்கியது. எப்படியோ ஓட்டினார்கள்.

வாயை மூடியிருந்தால் கப்பல் சீராக வந்திருக்கும் என்று நிச்சயமாகச் சொல்ல முடியாது. ஜான்சனுக்கு விவசாயக் கொள்கையிலும் பிடி வேண்டியிருந்தது, மற்ற பணக்கார நாடுகளும் பாரத்தைச் சுமக்க வேண்டும் என்பதும் இருந்தது. எல்லாவற்றுக்கும் ஒரே குழாயைத் திருகினார்.

எதிர்வாதி:

சரி, சி.எஸ். சாமர்த்தியசாலிதான். ஆனால் 1967 தேர்தலில் மக்கள் அவருக்கு என்ன கொடுத்தார்கள்? கோபிசெட்டிபாளையத்தில் தோற்றார். அரிசி கிடைக்காத கோபத்தில் காமராஜர் விருதுநகரில் தோற்றார், முதலமைச்சர் பக்தவத்சலம் ஸ்ரீபெரும்புதூரில் தோற்றார். ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்ற தி.மு.க.வின் வாக்குறுதிதான் ஜெயித்தது. வெளிநாட்டு நெருக்கடியைச் சமாளித்த பெருமை உள்ளூரில் ஒரு ஓட்டு கூட வாங்கித்தரவில்லை. இதையும் பாடத்தில் சேர்க்க வேண்டாமா?

பழைய ரேஷன் கார்டு:

சேர்க்கலாம். இந்தி எதிர்ப்புப் போராட்டமும் அந்தத் தோல்வியில் இருக்கிறது, வெறும் அரிசி மட்டும் கிடையாது. 1965 பிப்ரவரியில் சி.எஸ்.சே அதற்காக ராஜினாமாக் கடிதம் கொடுத்தவர் என்பது வேறு கதை. ஆனால் நீங்கள் சொல்வதில் அர்த்தம் இருக்கிறது. விதைத்த ஆள் தோற்று வீட்டுக்குப் போனார், அறுவடை 1967-68ல் வந்தது. அந்த ஆண்டு கோதுமை 1 கோடியே 65 லட்சம் டன். அதற்கு முந்தைய ஆண்டு 1 கோடியே 14 லட்சம். பஞ்சாபில் கொட்டி வைக்க இடமில்லாமல் பள்ளிக்கூடங்களை மூடி உள்ளே குவித்தார்கள்.

பனிநாடு:

நான் பின்லாந்தில் தாம்பரே நகரத்தில் வேலை பார்க்கிறேன். இந்த இழையைப் படித்தபோது இங்கே உள்ளவர்கள் நேர் எதிர் வழியில் போனது ஞாபகம் வந்தது.

பக்கத்தில் சோவியத் யூனியன், 1,300 கிலோமீட்டருக்கு மேல் எல்லை. 1939 நவம்பர் 30ந்தேதி படையெடுப்பு. 105 நாள் சண்டை போட்டு, கடைசியில் கிழக்கே இருந்த கரேலியா பகுதியை விட்டுக்கொடுத்தார்கள். நாலு லட்சத்துக்கு மேல் ஜனங்கள் வீடு வாசலை விட்டு உள்ளே வந்தார்கள். சோவியத்தோடு இரண்டாம் சுற்றுப் போருக்குப் பின் 30 கோடி டாலர் போர் இழப்பீடு, அதைக் கப்பலாகவும் இயந்திரமாகவும் 1952க்குள் கட்டி முடித்தார்கள். 1948ல் நட்பு ஒப்பந்தம்.

அதன் பிறகு வெளியுறவில் வாயே திறக்கவில்லை. 1958ல் ஃபாகர்ஹோல்ம் என்பவர் தலைமையில் அமைந்த அரசு மாஸ்கோவுக்குப் பிடிக்கவில்லை. தூதர் கிளம்பிப் போனார், பதிலுக்கு ஆள் வரவில்லை. வர்த்தகப் பேச்சு நின்றது. ஒரு குண்டு வெடிக்கவில்லை, அரசு டிசம்பரில் ராஜினாமா செய்தது. 1961 அக்டோபரில் ராணுவ ஆலோசனை நடத்தலாம் வா என்று சோவியத் ஒரு கடிதம் அனுப்பியது. அதிபர் கெக்கொனென் அப்போது ஹவாயில் இருந்தார். பதறிக்கொண்டு ஓடி வரவில்லை, பயணத்தை முடித்துவிட்டுத்தான் வந்தார். பிறகு நோவோசிபிர்ஸ்க் வரை போய் சோவியத் தலைவர் குருஷ்சேவைப் பார்த்து விஷயத்தை ஆற வைத்தார். ஆனால் நடுவில் அவரை எதிர்த்துத் தேர்தலில் நின்றவர் விலகிக்கொண்டார். கெக்கொனென் 25 ஆண்டு அதிபராக இருந்தார். மாஸ்கோவுக்குப் பிடிக்காததை எழுதப் பத்திரிகைகள் தயங்கின. இதை இங்கே உள்ள வயதானவர்கள் பேசும்போது பெருமையும் கூச்சமும் சேர்ந்தே வரும்.

ஆனால் உள்ளுக்குள் தயாராக இருந்தார்கள். நான் இருக்கும் அடுக்குமாடியின் கீழே கனமான இரும்புக் கதவு போட்ட பதுங்கறை இருக்கிறது. இப்போது அதில் சைக்கிளும் பனிச்சறுக்குக் கட்டைகளும் வைத்திருக்கிறோம். சொன்னால் மூன்று நாளில் காலி செய்ய வேண்டும் என்பது விதி. நாடு முழுக்க இப்படி ஏறக்குறைய 50 ஆயிரம். ஹெல்சின்கியில் ஒரு நீச்சல்குளமே பாறைக்குள் வெட்டிய பதுங்கறைதான். மாதக்கணக்கில் தாங்கும் தானிய இருப்பை அரசு தனியாக வைத்திருக்கிறது. 2023 ஏப்ரலில் நேட்டோவில் சேர்ந்தபோது, வேறு பல நாடுகள் பனிப்போர் முடிந்தது என்று கலைத்துவிட்ட பலதும் இவர்களிடம் அப்படியே இருந்தது.

எதிர்வாதி:

அப்போ பனிநாடு கணக்கில், வாயை மூடிக்கொண்டு அரிசியைச் சேர்த்து வைத்தால் போதும்?

பனிநாடு:

அவர்களுக்கு அது ஒத்துவந்தது. எதிரில் இருந்தது மாஸ்கோ, ஒரே ஒரு எல்லை, தோற்ற போரின் நினைவு. ஐஸ்லாந்தைப் பாருங்கள், அது உல்டா. ராணுவமே கிடையாது. பிரிட்டனோடு மீன்பிடி எல்லைக்காக 1958லிருந்து 1976 வரை மூன்று முறை மோதினார்கள். 12 மைல், பிறகு 50, பிறகு 200 என்று எல்லையை நீட்டிக்கொண்டே போனார்கள். பிரிட்டிஷ் படகுகளின் இழுவலைக் கம்பியைக் கடலிலேயே அறுத்துவிடும் ஒரு கொக்கிக் கருவி வைத்திருந்தார்கள். போர்க்கப்பல்கள் வந்து இடித்தன. ஐஸ்லாந்து சத்தமாகவே சண்டை போட்டது. ஏனென்றால் கெஃப்லாவிக் விமானத் தளம் அமெரிக்காவுக்கும் நேட்டோவுக்கும் தேவை, அதை மூடிவிடுவோம் என்ற சீட்டு கையில் இருந்தது. 1976ல் பிரிட்டன்தான் இறங்கி வந்தது. இரண்டு லட்சம் பேர் இருந்த ஒரு நாடு!

துறைமுகத்தான்:

ஆஸ்திரேலியாவையும் இந்த வரிசையில் வைக்கலாம். 2020 ஏப்ரலில் கொரோனா எங்கிருந்து வந்தது என்று விசாரிக்க வேண்டும் என்றார்கள். மே மாதமே சீனா பார்லிக்கு 80 சதவீதத்துக்கு மேல் வரி போட்டது. அப்புறம் ஒயின், நிலக்கரி, கல் இறால் என்று வரிசையாக அடி. ஒயினுக்கு 200 சதவீதத்தைத் தாண்டியது. ஆனால் இரும்புத் தாதுவைத் தொடவில்லை. அது இல்லாமல் சீன உருக்கு ஆலை ஓடாது. ஆஸ்திரேலியா பார்லியை வேறு நாடுகளுக்குத் திருப்பிவிட்டது, உலக வர்த்தக அமைப்பில் வழக்குப் போட்டது, பதில் வரி எதுவும் போடவில்லை. ஆட்சி மாறியதும் குரலைத் தணித்துப் பேசினார்கள். 2023ல் பார்லி வரி போனது, 2024ல் ஒயின் வரி. ஒயின்காரர்கள் பாடு திண்டாட்டம்தான், பீப்பாய் பீப்பாயாகத் தேங்கிப்போனது.

வல்வைக்காற்று:

எல்லாரும் நெருக்கப்படுகிற பக்கத்தில் இருந்தே கதைக்கிறீர்கள். எங்கட பக்கத்தில் இருந்து பார்த்தால் இந்தியாவும் ஒரு வல்லரசுதான். கோபிக்க வேண்டாம், நடந்ததைச் சொல்கிறேன்.

1987 மே மாதம் இலங்கை ராணுவம் வடமராட்சியில் பெரிய தாக்குதல் தொடங்கியது. யாழ்ப்பாணத்துக்கு எரிபொருள் தடை அதற்கு முன்பே இருந்தது. ஜூன் 3ந்தேதி இந்தியா ராமேஸ்வரத்தில் இருந்து உதவிப் பொருளோடு படகுகளை அனுப்பியது. இலங்கைக் கடற்படை மறித்துத் திருப்பி அனுப்பியது. அடுத்த நாள் ஐந்து ஏ.என். 32 விமானங்கள், பக்கத்தில் மிராஜ் போர் விமானங்கள். வானத்தில் இருந்து 25 டன் அளவில் உணவுப் பொதி விழுந்தது. நடவடிக்கைக்கு இந்தியா வைத்த பெயர் பூமாலை. 25 டன்னால் குடாநாட்டின் பசி தீராது எண்டு போட்டவர்களுக்கும் தெரியும். அது கொழும்புக்கு அனுப்பிய செய்தி. எங்கட சனம் அண்டைக்குக் கூரையில் ஏறி நின்று கை காட்டியது, அதையும் மறைக்கவில்லை.

அப்போதைய இலங்கை அதிபர் ஜே.ஆர். ஜெயவர்த்தனா என்ன செய்தார்? மேற்கு நாடுகள் கை கொடுக்கும் என்று நம்பியிருந்தார், யாரும் வரவில்லை. ஜூலை 29ல் ஒப்பந்தத்தில் கையெழுத்து. அதோடு பரிமாறிய கடிதங்களில் திருகோணமலை எண்ணெய்க் குதங்கள் (சேமிப்புத் தொட்டிகள்), வெளிநாட்டு ராணுவ ஆலோசகர்கள், வெளிநாட்டு வானொலி நிலையம் எல்லாம் வந்தது. தமிழருக்குப் பசி என்று தொடங்கிய விஷயம் எங்கே போய் நின்றது, பாருங்கள். அடுத்த நாள் அணிவகுப்பில் கடற்படைச் சிப்பாய் ஒருவர் துப்பாக்கிப் பிடியால் ராஜீவை அடித்தார். 1989ல் பிரேமதாச அதிபராக வந்தார், ஒப்பந்தத்தோடு இலங்கையில் வந்து இறங்கிய இந்தியப் படையை வெளியே எடு என்று பகிரங்கமாகத் தவணை குறித்தார். இந்தியப் படையோடு சண்டை பிடித்துக்கொண்டிருந்த புலிகளுக்கே ஆயுதமும் கொடுத்தார். 1990 மார்ச்சில் கடைசிக் கப்பல் போனது. கொழும்பு அதை வெற்றி எண்டு சொன்னது. அந்த ஆயுதம் பிறகு யார் மேல் திரும்பியது எண்டு எல்லாருக்கும் தெரியும்.

பனிநாடு:

வல்வைக்காற்று சொன்னதோடு நேபாளத்தையும் சேர்க்க வேண்டும். சீனாவிடம் ஆயுதம் வாங்கிய மனக்கசப்பில், 1989 மார்ச்சில் வர்த்தக ஒப்பந்தம் முடிந்ததும் இந்தியா 15 எல்லைப் பாதைகளில் 13ஐ மூடியது. 2015 செப்டம்பரில் புது அரசியல் சாசனம் வந்ததும் மறுபடி எல்லையில் லாரி நின்றது. தெற்கு நேபாளச் சமவெளியில் வாழும் மாதேசிகளின் போராட்டம்தான் காரணம், நாங்கள் தடை போடவில்லை என்று இந்தியா சொன்னது. காத்மாண்டுவில் யாரும் நம்பவில்லை. பூகம்பம் முடிந்து அரை ஆண்டு கூட ஆகவில்லை. கேஸ் இல்லாமல் விறகில் சமைத்தார்கள். பலன் என்ன? 2016 மார்ச்சில் நேபாளம் சீனத் துறைமுகங்களைப் பயன்படுத்த ஒப்பந்தம் போட்டது. நடைமுறையில் அந்த வழி இன்னும் பெரிதாக உபயோகமில்லை, தூரம் அப்படி. ஆனால் நேபாள அரசியல்வாதி கே.பி.சர்மா ஒலி அந்த எதிர்ப்பில்தான் பெரிய தலைவரானார்.

எதிர்வாதி:

இந்தியாவையும் ஜான்சனையும் ஒரே தட்டில் வைப்பது ரொம்ப ஓவர். இலங்கையில் அகதிகள் படகில் வந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள், தமிழ்நாடு கொதித்துக்கொண்டிருந்தது. பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியுமா?

வல்வைக்காற்று:

சும்மா இருக்கச் சொல்லவில்லை. ஜான்சனும் தன் பக்கத்தில் நியாயம் இருக்கிறது எண்டுதான் நினைத்தார். நெருக்குகிறவனுக்கு எப்பவும் ஒரு நல்ல காரணம் இருக்கும். நெருக்கப்படுகிறவன் அந்தக் காரணத்தைப் பார்க்க மாட்டான், கையைத்தான் பார்ப்பான்.

நெறியாளர்:

இலங்கைப் பிரச்சினைக்குத் தனி இழைகள் இருக்கின்றன. இங்கே நாடுகள் எப்படிப் பதில் கொடுத்தன என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன்.

வறண்டவாய்க்கால்:

எனக்கு இப்போது வேறு சந்தேகம். 1966ல் அப்படித் தவித்த நாடு 1971ல் நிக்சனை எப்படி எதிர்த்து நின்றது? அப்போதும் அமெரிக்காதானே?

பழைய ரேஷன் கார்டு:

அந்த ஐந்து ஆண்டில் கிடங்கு நிரம்பியதுதான் முக்கியக் காரணம் என்று நான் நினைக்கிறேன். 1970-71ல் கோதுமை மட்டும் 2 கோடியே 38 லட்சம் டன். கிழக்கு வங்காளத்திலிருந்து ஒரு கோடி அகதிகள் வந்தார்கள். 1966ல் அது நடந்திருந்தால் யோசித்துப் பாருங்கள். 71ல் கையில் தானியம் இருந்தது. அந்த ஆண்டோடு பி.எல். 480 சலுகைக் கோதுமை வேண்டாம் என்று அரசே நிறுத்தியது. டிசம்பரில் போர் தொடங்கியதும் நிக்சன் பொருளாதார உதவியை நிறுத்தினார். பெரிய அதிர்ச்சி எதுவும் இல்லை. வங்கக் கடலுக்கு எண்டர்பிரைஸ் என்ற விமானம் தாங்கிப் போர்க்கப்பலை அனுப்பினார், டிசம்பர் 16ல் டாக்காவில் சரணடைவே முடிந்துவிட்டது.

இன்னொரு காரணம் ஆகஸ்ட் 9ந்தேதி சோவியத்தோடு போட்ட ஒப்பந்தம். ஒருவர் பிடியிலிருந்து விடுபட இன்னொருவர் தோளில் கை போட்டோம். அதற்கான விலையைப் பிறகு கொடுத்தோம், 1979ல் ஆப்கானிஸ்தானுக்குள் சோவியத் படை நுழைந்தபோது ஐ.நா.வில் நம் பேச்சைப் படித்தால் தெரியும். வியட்நாமில் ஜான்சனிடம் காட்டிய துணிச்சலை அங்கே தேடினால் கிடைக்காது.

துறைமுகத்தான்:

ஐயா, ரூபாயில் கணக்கு எழுதினோம் என்றீர்களே. அந்த ரூபாய் என்ன ஆனது? அமெரிக்கா அதை எடுத்துச் செலவு செய்ததா?

பழைய ரேஷன் கார்டு:

நல்ல கேள்வி. இங்கே இருந்த அவர்கள் தூதரகச் செலவு, நூலகங்களுக்குப் புத்தகம் வாங்குவது, ஆராய்ச்சி உதவி என்று கொஞ்சம் போனது. நமக்கே கடனாகத் திரும்பி வந்ததும் உண்டு. அப்படியும் மலை மாதிரி சேர்ந்துவிட்டது. வெளியே எடுக்க முடியாது, உள்ளே மொத்தமாகச் செலவழித்தால் விலைவாசி எகிறும். இவ்வளவு ரூபாயை ஒரு அந்நிய நாடு கையில் வைத்திருப்பது நம் அரசியலில் பெரிய முள்ளாக இருந்தது. கடைசியில் 1974 பிப்ரவரியில் அமெரிக்கத் தூதர் மொய்னிஹன் 1,664 கோடி ரூபாய்க்கு ஒரே காசோலை எழுதி இந்திய அரசிடம் கொடுத்துக் கணக்கை முடித்தார். அதுவரை எழுதப்பட்டதிலேயே பெரிய காசோலை என்று கின்னஸில் கூட வந்தது. பங்களாதேஷ் போர் முடிந்து இரண்டு வருடம், உறவு படு மோசம், அந்த நேரத்தில்தான் இது நடந்தது என்பது எனக்கு இன்றும் வேடிக்கையாக இருக்கும்.

எதிர்வாதி:

அந்தக் காசோலை பற்றித் தனி இழை போடுங்கள் ஐயா. எனக்கு அதில் சண்டை போட நிறைய இருக்கிறது.